ஃபிரிட்ஜும் புகைக்குழாயும்: கலிபோர்னியாவின் ஆற்றல் சட்டங்கள் குறித்து

ஆற்றல் சிக்கனம் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. அதில் இரண்டு கோடுகள். ஒன்று, அமெரிக்காவில் தலைக்கு ஆண்டொன்றுக்குச் செலவாகும் மின்சாரம். 1970களின் நடுவில் ஏறத்தாழ 8,000 யூனிட்டில் இருந்தது 2000களில் 12,000 யூனிட்டை எட்டுகிறது. மற்றது கலிபோர்னியா மாநிலத்துக்கு உரியது. அது 7,000 யூனிட்டை ஒட்டியே படுத்துக் கிடக்கிறது. ஆர்தர் ரோசன்ஃபெல்டு என்ற இயற்பியலாளரின் பெயரால் இதை ரோசன்ஃபெல்டு வளைகோடு என்பார்கள். ஒரு மாநிலம் சட்டம் போட்டே மின்பசியை அடக்கிவிட்டது என்பதற்கு இந்தக் கோடு சான்றாகக் காட்டப்படுகிறது. வாகனப் புகைக்கு எதிராக அதே மாநிலம் இயற்றிய விதிகளும் அதே மூச்சில் புகழப்படுகின்றன.

இந்தப் புகழில் எவ்வளவு நிற்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வழக்கமான இரண்டு விடைகள் உள்ளன. சூழலியலாளர்கள், துணிச்சலான இலக்குகளைச் சட்டமாக்கியதே வெற்றிக்குக் காரணம் என்கிறார்கள். பொருளியலாளர்கள் சிலர், தட்பவெப்பமும் மின்விலையும் செய்த வேலைக்குச் சட்டம் பெயர் வாங்கிக்கொண்டது என்கிறார்கள். இரண்டுமே பாதி சரி என்பது என் கருத்து. கலிபோர்னியாவில் வலுவாக வேலை செய்தவை இலக்கை எழுதிய சட்டங்கள் அல்ல. தொடர்ந்து விதி வகுக்கும் அமைப்பை உண்டாக்கி, அதற்கு அதிகாரமும் வருமானமும் கொடுத்த சட்டங்களே வேலை செய்தன. அந்த அதிகாரம் யாருடையது என்ற கேள்வியில்தான் சிக்கனச் சட்டங்களும் வாகனச் சட்டங்களும் வேறு வேறு வழியில் போயின.

1974இன் சட்டம்

1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மின்தேவை ஆண்டுக்கு ஆறேழு விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தில் போனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தேவை இரட்டிப்பாகும். கடற்கரை நெடுக அணுமின் நிலையங்கள் கட்ட வேண்டிவரும் என்ற பேச்சு எழுந்தது. சட்டமன்ற உறுப்பினர் சார்லஸ் வாரனும் செனட்டர் ஆல்ஃபிரட் அல்குவிஸ்ட்டும் இதற்காகக் கொண்டுவந்த மசோதாவை 1973இல் ஆளுநர் ரொனால்டு ரேகன் திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பின் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. 1974 மே மாதம் அதே ரேகன் வாரன்–அல்குவிஸ்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இந்த ஆண்டுக்குள் இத்தனை விழுக்காடு குறைப்போம் என்ற வாக்குறுதி அந்தச் சட்டத்தில் இல்லை. இன்றைய சட்டங்களோடு ஒப்பிட்டால் அது வறண்ட நிர்வாக ஆவணம். ஓர் ஆற்றல் ஆணையத்தை அது உருவாக்கியது. ஆணையத்தின் செலவுக்கு ஒவ்வொரு மின்கட்டண ரசீதிலும் சிறு தொகை சேர்த்தது. அதுவரை மின்நிறுவனங்கள் தாமே போட்டு வந்த தேவைக் கணக்கை இனி ஆணையமும் போடும் என்றது. அனல்மின் நிலையங்களுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை ஆணையத்திடம் கொடுத்தது. கட்டடங்களுக்கும் மின்சாதனங்களுக்கும் தரவிதி வகுக்கலாம் என்றும் சொன்னது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: விதியால் ஏறும் விலை, அந்தப் பொருளின் ஆயுட்காலத்துக்குள் மிச்சமாகும் கட்டணத்தால் ஈடாக வேண்டும். தொழில்துறையின் எதிர்ப்புக்கு முன் அந்த விதிகளுக்குக் கேடயமாக நின்றது இந்த நிபந்தனைதான்.

ரோசன்ஃபெல்டு இதற்குள் வந்த கதை பலருக்குத் தெரிந்தது. நோபல் பரிசு பெற்ற என்ரிக்கோ ஃபெர்மியின் கடைசி மாணவர்களில் ஒருவர். துகள் இயற்பியலில் பெயர் பெற்றவர். எண்ணெய்த் தடைக் காலத்தில், 1973 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெர்க்லி ஆய்வகத்தில் தன் தளத்தில் இருபது அறைகளின் விளக்குகளை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தார். சுவிட்சுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. கோப்பு அலமாரிகளுக்கும் புத்தக அடுக்குகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் அவை மறைந்து கிடந்தன. யாரும் அணைத்ததே இல்லை. அணைக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இதை அவரே தன் நினைவுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். மின்சாரம் வீணாவதற்குக் காரணம் மனிதர்களின் ஊதாரித்தனம் என்பதைவிட, பொருள்கள் அப்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதே அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

ஒரு ஃபிரிட்ஜின் கணக்கு

முதலில் பிடிபட்டது ஃபிரிட்ஜ். 1970களின் நடுவில் அமெரிக்க வீடுகளில் விற்ற சராசரி ஃபிரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் குடித்தது. ரோசன்ஃபெல்டின் மாணவர் டேவிட் கோல்ட்ஸ்டைன் கடையில் கிடைத்த ரகங்களின் விலையையும் மின்செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்குக் குறைந்த மின்செலவு கிடைக்கவில்லை. குறைந்த விலைக்கு வாங்கியவர் அதிகம் இழக்கவும் இல்லை. சந்தை இந்தத் தகவலைச் சுமக்கவே இல்லை.

காரணத்தைத் தேடத் தொலைவு போக வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் வாங்குபவர் கொள்ளளவையும் நிறத்தையும் பார்க்கிறார். வாடகை வீட்டில் உரிமையாளர் வாங்கி வைக்கிறார். மின்கட்டணத்தைக் குடியிருப்பவர் கட்டுகிறார். சுவரின் காப்புப் படலத்தை மெல்லியதாக்கினால் உள்ளே இடம் கூடும், செலவும் குறையும். கதவோரத்தில் வியர்வை படியாமலிருக்க ஒரு சூடேற்றிக் கம்பி எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும்: குளிரூட்டும் பெட்டிக்குள்ளேயே ஓர் அடுப்பு. இவற்றைச் சரிசெய்யப் புதிய அறிவியல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நுரைக் காப்பும் நல்ல கம்பிரஸரும் போதும்.

1977இல் கலிபோர்னியாவின் முதல் ஃபிரிட்ஜ் விதி நடைமுறைக்கு வந்தது. பின்னர் பலமுறை இறுக்கப்பட்டது. 2001 வாக்கில் புதிய ஃபிரிட்ஜின் தேவை ஏறத்தாழ 500 யூனிட்டாக இறங்கிவிட்டது. இதற்கிடையே பெட்டியின் கொள்ளளவு கூடியது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலை குறைந்தது. ஆற்றல் சட்டம் எதையேனும் ஐயமற நிரூபித்திருக்கிறது என்றால் அது இங்கேதான்.

இந்த வெற்றி ஒரு விலையோடு வந்தது. கலிபோர்னியாவைப் பார்த்து வேறு மாநிலங்களும் தத்தம் விதிகளை எழுதத் தொடங்கின. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ரகம் செய்ய முடியாத உற்பத்தியாளர்கள், அதுவரை எதிர்த்துவந்த தேசிய விதியைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள். 1987இல் கூட்டரசுச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் மறுபடியும் ரேகன், இம்முறை குடியரசுத் தலைவராக. முந்தைய ஆண்டு அதே மசோதாவை அவர் நிராகரித்திருந்தார் என்பது வேறு கதை. அந்தச் சட்டம் மாநிலத் தரவிதிகளைத் தேசம் முழுதுக்கும் விரித்தது. கூடவே, கூட்டரசு விதி உள்ள சாதனங்களுக்கு மாநிலங்கள் தனி விதி எழுதுவதையும் தடுத்தது. அந்தத் தடை வெகுகாலம் உறங்கிக் கிடந்தது. 2019இல் பெர்க்லி நகரம் புதிய கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாய் கூடாது என்று விதி போட்டபோது அது விழித்துக்கொண்டது. அந்த விதி கூட்டரசுச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று 2023இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. மாநிலம் தன் வெற்றியாலேயே தன் அதிகாரத்தில் ஒரு பங்கை இழந்திருந்தது.

வளைகோட்டின் மறுபக்கம்

இனி அந்தப் படுத்துக் கிடக்கும் கோட்டுக்கு வருவோம். 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன், ஜேம்ஸ் ஸ்வீனி இருவரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். கலிபோர்னியாவின் மிதமான கடற்கரைத் தட்பவெப்பம், உயர்ந்த மின்விலை, மின்சாரத்தை விழுங்கும் கனரகத் தொழில்கள் குறைவாக இருப்பது, வீட்டுக்கு வீடு ஆள் எண்ணிக்கை கூடுதலாக இருப்பது என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். கடைசியில், கொள்கையால் விளைந்தது என்று கருதத்தக்கது மொத்த வித்தியாசத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் அரிக் லெவின்சன் இன்னும் கடுமையானவர். அமெரிக்காவின் பிற பகுதிகளில் மக்கள் வெப்பமான தெற்கு மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்து ஏசி போட்டுக்கொண்டதே அந்த மேல்கோடு ஏறியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று காட்டினார். அதாவது கலிபோர்னியா இறங்கவில்லை; மற்றவர்கள் ஏறினார்கள்.

லெவின்சனின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரை கட்டட விதிகளைக் குறிவைத்தது. 1978இல் கலிபோர்னியா கொண்டுவந்த கட்டட ஆற்றல் விதி, வீடுகளின் ஆற்றல் தேவையை 80 விழுக்காடு குறைக்கும் என்று அப்போது கணிக்கப்பட்டிருந்தது. அவர் வீடுகளின் உண்மையான மின்செலவைப் பார்த்தார். விதிக்குப் பின் கட்டிய வீடுகள் முன்பு கட்டியவற்றைவிடக் குறைவாக மின்சாரம் செலவிடுகின்றன என்பதற்குச் சான்றில்லை என்று முடித்தார். விதி எதிர்ப்பாளர்கள் இதை ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டினார்கள்.

ஆனால் அந்த ஒப்பீட்டில் ஓர் இடர் உண்டு. புதிய வீடுகள் பெரியவை; உள்நாட்டின் வெப்பமான பள்ளத்தாக்குகளில் கட்டப்பட்டவை; வசதியானவர்கள் குடியேறியவை. லெவின்சன் இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் இல்லை. என்றாலும் ஆண்டு மொத்தத்தை வைத்துப் பிரித்தெடுப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பின்னர் கெவின் நோவனும் உடன் ஆய்வாளர்களும் சாக்ரமென்டோ வட்டாரத்தில், மணிக்கு மணி பதிவாகும் ஸ்மார்ட் மீட்டர் தரவை எடுத்துக்கொண்டார்கள். 1978க்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் கட்டப்பட்ட ஒத்த வீடுகளை ஒப்பிட்டதில், பின்னவை குளிரூட்டலுக்கு 8 முதல் 13 விழுக்காடு குறைவாக மின்சாரம் செலவிட்டன. ஃபுளோரிடாவில் கிராண்ட் ஜேக்கப்சனும் மேத்யூ காட்சனும் 2013இல் கண்டது 4 விழுக்காடு மின்சாரச் சேமிப்பும் 6 விழுக்காடு எரிவாயுச் சேமிப்பும்.

மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் கிடைக்கும் தீர்ப்பு கிளர்ச்சியூட்டுவது அல்ல. விதிகள் சேமித்தன, சொன்னதில் ஒரு சிறு பங்கே சேமித்தன. ஃபிரிட்ஜ் விதிக்கும் கட்டட விதிக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்? ஃபிரிட்ஜ் தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்க்கப்படுவது. ஆய்வுக்கூடத்தில் ஒன்றைச் சோதித்தால் பத்து லட்சத்தைச் சோதித்ததாகிவிடும். வீடு அப்படியல்ல. காப்புப் படலத்தை வரைபடத்தில் போட்டவர் ஒருவர். சுவருக்குள் அதைத் திணித்தவர் இன்னொருவர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசியை ஓட்டுபவர் மூன்றாமவர்.

விற்பனையும் வருவாயும்

வளைகோட்டுச் சண்டையில் இரு தரப்பும் போதிய இடம் தராத ஓர் ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவின் பெரிய மின்நிறுவனங்கள் தனியார் கையில் உள்ளவை. எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு வரவு என்றிருக்கும் நிறுவனத்திடம் போய், உங்கள் வாடிக்கையாளரைக் குறைவாக வாங்கச் சொல்லுங்கள் என்று கேட்பது வீண். 1978இல் எரிவாயுவுக்கும் 1982இல் மின்சாரத்துக்கும் மாநிலக் கட்டண ஆணையம் இந்த முடிச்சை அவிழ்த்தது. நிறுவனத்துக்கு உரிய வருவாய் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படும். விற்பனை குறைந்தால் அடுத்த முறை கட்டணத்தில் ஈடுசெய்யப்படும். கூடினால் வாடிக்கையாளருக்குத் திரும்பும். சிக்கனத் திட்டங்களுக்குச் செலவழிக்க நிறுவனங்களுக்கு இருந்த தயக்கத்தின் காரணம் இதனால் நீங்கியது.

1996இல் மின்சந்தையைத் திறந்துவிடும் சட்டம் இரு அவைகளிலும் ஒரு வாக்குக்கூட எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அதன் விளைவாக இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. 2000–2001இல் மின்வெட்டும் விலைக் கொள்ளையும் மாநிலத்தை உலுக்கின. 2001 கோடையில், முந்தைய ஆண்டைவிட 20 விழுக்காடு குறைவாகச் செலவிட்டால் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி என்று அரசு அறிவிக்க வேண்டிவந்தது. கைவிட்ட ஏற்பாடு திரும்பக் கொண்டுவரப்பட்டது. ஒருமனதாக நிறைவேறும் சட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது.

வாகனங்கள்: விலக்கின் வரலாறு

வாகனத்தின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தபோது ஜப்பானியர்கள் நச்சுப்புகை வீசிவிட்டார்கள் என்று சிலர் பயந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட் விடையைச் சொன்னார்: காரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் விடும் ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு, மேலே வெயில். மூன்றும் சேர்ந்தால் ஓசோன். மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தில் காற்று அதை வெளியே விடுவதில்லை. 1966இல் புதிய கார்களின் புகைக்குழாய்க்கு மாநிலம் வரம்பு கட்டியது. 1967இல் காற்றுவள வாரியம் உருவானது. ஹாகன்-ஸ்மிட் அதன் முதல் தலைவர்.

அதே 1967இல் வாஷிங்டன் கூட்டரசு வரம்புகளை வகுத்து, மாநிலங்கள் தனி வரம்பு வைக்கக் கூடாது என்று சட்டமாக்க முனைந்தது. டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் பகுதியைச் சேர்ந்த ஜான் டிங்கெல் அதை வலியுறுத்தினார். கலிபோர்னியாவின் செனட்டர் ஜார்ஜ் மர்ஃபி ஒரு விதிவிலக்கைச் சேர்க்கப் போராடினார். ஏற்கெனவே வரம்பு வைத்திருந்த மாநிலம் கூட்டரசிடம் விலக்கு கேட்டால், தகுந்த காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்பது அது. பெயர் சொல்லாவிட்டாலும் அந்தத் தகுதி இருந்தது ஒரே மாநிலத்துக்குத்தான். 1977இல், கலிபோர்னியாவின் வரம்பை அப்படியே பின்பற்றும் உரிமை பிற மாநிலங்களுக்கும் கிடைத்தது.

மாநில உரிமை பற்றி ராஜமன்னார் குழுவின் காலந்தொட்டுப் பேசிவரும் நமக்கு இந்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. நம் நாட்டில் புதிய வண்டிகளுக்கான பாரத் ஸ்டேஜ் வரம்புகளை ஒன்றிய அரசு வகுக்கிறது. மின்வண்டிக்காக மாநிலம் பெரும்பாலும் நீட்டுவது சாலைவரி விலக்கைத்தான். கலிபோர்னியாவுக்கு அதைவிடப் பெரிய அதிகாரம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மனுப்போட்டு வாங்க வேண்டிய அதிகாரம்.

பேவ்லி சட்டத்தின் மறுப்புகள்

2002இல் ஃபிரான் பேவ்லி கொண்டுவந்த சட்டம் கார்களின் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தச் சொன்ன முதல் அமெரிக்கச் சட்டம். அதன் வாசகத்தை நிதானமாகப் படித்தால், அது எதைச் செய்யச் சொல்கிறது என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பது கண்ணில் படும். வண்டிக்கோ எரிபொருளுக்கோ ஓடும் தூரத்துக்கோ புதிய வரி கூடாது. எந்த வகை வண்டியையும், குறிப்பாகப் பெரிய எஸ்யூவியையும் சிறு டிரக்குகளையும், தடை செய்யக் கூடாது. எடையைக் குறைக்கச் சொல்லக் கூடாது. வேக வரம்பைக் குறைக்கக் கூடாது. ஒவ்வொரு மறுப்பும் வானொலியில் ஓடிய ஓர் எதிர்ப்பு விளம்பரத்தை முன்கூட்டியே வாயடைக்க எழுதப்பட்டது போலிருக்கிறது. மக்களின் பழக்கத்தைத் தொடாமல், எந்திரத்தை மட்டும் மாற்று என்பதே சட்டத்தின் ஆணை. இது கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. ஃபிரிட்ஜில் வென்ற உத்தியும் இதுவே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இருந்தும் இதற்கு ஃபிரிட்ஜுக்கு இல்லாத சிக்கல் ஒன்று இருந்தது. எரிபொருள் சிக்கனத்தை விதிக்கும் அதிகாரம் 1975 முதல் கூட்டரசுக்கே உரியது. கார் விடும் கரியமில வாயுவோ எரிந்த பெட்ரோலின் அளவைத்தான் காட்டும். மாநிலம் புகையை அளக்கிறேன் என்றது. கார் நிறுவனங்கள் நீ அளப்பது மைலேஜை என்றன. 2007இல் வெர்மான்டிலும் கலிபோர்னியாவிலும் நடந்த வழக்குகளில் நிறுவனங்கள் தோற்றன. அதே ஆண்டு டிசம்பரில் புஷ் நிர்வாகம் விலக்கை மறுப்பதாக அறிவித்தது. 2009இல் ஒபாமா நிர்வாகம் வழங்கியது. 2019இல் டிரம்ப் நிர்வாகம் பறித்தது. 2022இல் பைடன் நிர்வாகம் திருப்பிக் கொடுத்தது. ஒரு தொழிற்சாலை புதிய எஞ்சினை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவர ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும் என்பதை நினைத்தால் இந்த ஊசலாட்டத்தின் நட்டம் புரியும்.

மின்கார் விதியிலும் இதே நிலையின்மை. 1990இல் வாரியம் 1998க்குள் 2, 2001க்குள் 5, 2003க்குள் 10 விழுக்காடு வண்டிகள் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்றது. 1996இல் இடைக்கால இலக்குகளைத் தானே கைவிட்டது. 2003இல் மீதியையும் மாற்றியமைத்தது. பேட்டரி தயாராக இல்லை என்பது உண்மை. அந்த விதியின் நெருக்கடியில்தான் நிறுவனங்கள் பேட்டரி ஆய்வில் பணம் போட்டன என்பதும் உண்மை. பிற்காலத்தில், இலக்கை எட்டாத நிறுவனங்கள் எட்டியவர்களிடம் மதிப்பெண் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு டெஸ்லாவின் இளமைக் காலத்துக்கு முக்கிய வருமானமாயிற்று. 2024இல் மாநிலத்தில் விற்ற புதிய கார்களில் ஏறக்குறையக் கால்வாசி புகையற்றவை. தவறிய இலக்கை வைத்து மட்டும் விதியை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2022இல் வாரியம் மீண்டும் துணிந்தது: 2026இல் 35, 2030இல் 68, 2035இல் 100 விழுக்காடு. 2024 டிசம்பரில் விலக்கும் கிடைத்தது. ஆறு மாதம் நிலைக்கவில்லை. இந்த விலக்கு நாடாளுமன்றம் ரத்துசெய்யத்தக்க ‘விதி’ அல்ல என்று கூட்டரசின் தணிக்கை அலுவலகமே கருத்துச் சொல்லியிருந்தும், இரு அவைகளும் அதை ரத்துசெய்தன. 2025 ஜூன் 12 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். கலிபோர்னியாவும் வேறு பத்து மாநிலங்களும் அன்றே வழக்குத் தொடுத்தன.

மாநிலத்தின் கையில் மிஞ்சியது

விலக்கு போனாலும் மாநிலத்துக்குச் சொந்தமான அதிகாரங்கள் பல உள்ளன: பதிவுக் கட்டணம், அரசு வண்டிகளின் கொள்முதல், மானியம், எல்லாவற்றுக்கும் மேலாக மின்கட்டணம். மானியத்தில் பட்ட பாடம் கசப்பானது. 2010இல் தொடங்கிய மின்கார் தள்ளுபடி வசதியானவர்களுக்கே அதிகம் போய்ச்சேர்ந்தது. 2016இல் வருமான வரம்பு வைத்த பின்னரே ஓரளவு திருந்தியது. பெட்ரோல் நுகர்வைப் பாதியாக்கும் இலக்கு 2015இல் மசோதாவில் இருந்தது. எண்ணெய் நிறுவனங்களின் விளம்பரப் போருக்குப் பின் அது நீக்கப்பட்டது. அதே மசோதாவில் கட்டடச் சிக்கனத்தை இரட்டிப்பாக்கும் பகுதி தப்பியது. தொழிற்சாலையையும் கட்டடத்தையும் தொடுவது வேறு, பெட்ரோல் பங்கைத் தொடுவது வேறு.

மின்கட்டணத்தில்தான் இரண்டு வகைச் சட்டங்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஐம்பதாண்டுச் சிக்கனக் கொள்கை யூனிட் விலையை உயர்த்தி வைப்பதில் பிழை காணவில்லை. விலை உயர்ந்தால்தான் மக்கள் குறைவாகச் செலவிடுவார்கள். காட்டுத்தீத் தடுப்புச் செலவும் சேர்ந்து இன்று அந்த விலை தேசியச் சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இப்போது அதே மாநிலம் மக்களை மின்கார் வாங்கவும் எரிவாயு அடுப்பைக் கழற்றவும் சொல்கிறது. 2022இன் ஒரு சட்டத்தைத் தொடர்ந்து, கட்டண ஆணையம் 2024 மே மாதம் மாதத்துக்கு 24.15 டாலர் நிலைக்கட்டணத்தை அங்கீகரித்து, யூனிட் விலையை 5 முதல் 7 சென்ட் வரை குறைத்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 6 டாலர். மின்கார் ஆதரவாளர்கள் வரவேற்றார்கள். குறைவாகச் செலவிடும் சிறு வீட்டுக்காரரும் கூரையில் சூரியத்தகடு போட்டவரும் தண்டிக்கப்படுகிறார்கள் என்று எதிர்த்தவர்களில், பல ஆண்டுகள் சிக்கனச் சட்டங்களுக்காக வாதாடியவர்களும் இருந்தார்கள்.